சுட்டுவிரல் ஆடிய வியாழக்கிழமை

தாக் சுன்ஷிக் நல்ல நடிகரா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வசனம் பேசினால் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்வதுபோல் இருக்கும். அழச் சொன்னால் தும்மல் பாதியில் நின்றுபோன ஆள் மாதிரி முகம் கோணிக்கொள்ளும். ஆனால் செத்துக் கிடக்கச் சொன்னால் சியோல் நகரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இது புகழ்ச்சி அல்ல. முப்பத்தொரு வருடமாக அவரை வேலைக்குக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் இந்த ஒரே காரணத்துக்காகத்தான் கூப்பிட்டார்கள்.

ஆரம்பித்ததே அப்படித்தான். 1972 குளிர்காலத்தில் அவர் நடிகர் இல்லை. ஜேச்சொனில் ஒரு ரயில்வே சிக்னல்காரருக்கு மகனாகப் பிறந்து, இருபத்தோரு வயதில் சியோலுக்கு வந்து, வீடு வீடாக அடுப்புக் கரிக்கட்டி போட்டுக்கொண்டிருந்தார். நகருக்கு வெளியே ஒரு போர்ப்படம் எடுக்கிறார்கள், குளிர்காய நூறு கட்டி வேண்டும் என்று ஆள் வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே நாற்பது பிணம் தேவைப்பட்டது, முப்பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள். "தம்பி, அஞ்சு நிமிஷம் இப்படிப் படு" என்றார் உதவி டைரக்டர். முகத்தில் ஏற்கெனவே கரி அப்பியிருந்ததால் மேக்கப்புக்கும் வேலை இல்லை. பனியில் படுத்த மற்ற முப்பத்தொன்பது பேரும் வெடவெடவென்று நடுங்கினார்கள். சுன்ஷிக், விடிகாலையிலிருந்து கரி சுமந்த அலுப்பில், அப்படியே தூங்கிப்போனார்.

டைரக்டர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "இந்தக் கூட்டத்துலயே ஒருத்தன்தான் ஒழுங்கா செத்திருக்கான். அவன் பேரைக் குறிச்சு வை" என்றார்.

அதோடு கரி வண்டி போனது. பிறகு சுன்ஷிக் செத்த சாவுகளைச் சொல்லி மாளாது. அம்பு பட்டுச் செத்தார். அரசர் அனுப்பிய விஷக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துச் செத்தார். கிணற்றில் விழுந்தார், கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டார், அதே படத்தில் முகத்தைத் திருப்பிவைத்து வேறொருவராகவும் செத்தார். ஒரு ஆகஸ்ட் மாத வெயிலில் கண்ணிமை மேல் ஈ உட்கார்ந்து கால் தேய்த்தபோதும் அவர் அசையவில்லை என்பது துணைநடிகர்களின் பஸ்ஸில் இன்றைக்கும் பேசப்படுகிற விஷயம். அவருக்கு ஒரு தொழில்முறை இருந்தது. கண்ணை மூடியதும் அப்பா வேலை பார்த்த ரயில் பாதையில் நிலையங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். சொங்யாங்னி, தொக்ஸோ, யாங்சு, யாங்பியோங், யோங்முன். வொன்ஜு தாண்டுவதற்குள் பெரும்பாலும் டைரக்டர் "கட்" சொல்லிவிடுவார். ஜேச்சொன் வரைக்கும் போனது வாழ்க்கையில் மூன்று முறைதான்.

சீரியல்களில் செத்தால் இன்னொரு வேலையும் உண்டு. கறுப்பு நாடா கட்டிய படமாகச் சுவரில் தொங்க வேண்டும். எடுத்து முடித்ததும் அந்தப் படத்தைக் கிழித்துப் போடச் சொல்லி நடிகரிடமே கொடுத்துவிடுவார்கள், உயிரோடு இருக்கிறவனின் சாவுப் படம் ஊரில் கிடக்கக்கூடாது என்று. சுன்ஷிக்கின் மனைவி ஜொங்னிம் கிழிக்க விடவில்லை. மாங்வொன் சந்தைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு முடியலங்காரக் கடை இருந்தது. "மரச்சட்டம் நல்லாத்தானே இருக்கு" என்று படங்களைத் திருப்பி மாட்டி, பின்பக்க அட்டையில் சுருட்டை முடிக்கு என்ன விலை, சாயத்துக்கு என்ன விலை என்று எழுதிவைத்தாள். அப்படிப் பதினேழு சட்டங்கள். கடைக்கு வருகிறவர்கள் விலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அட்டைக்கு அந்தப் பக்கம் பதினேழு சுன்ஷிக்குகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2003இல், ஐம்பத்திரண்டாவது வயதில், அவருக்கு முதன்முறையாகப் பெயர் உள்ள வேஷம் கிடைத்தது. அதுவரை 'மூன்றாவது சிப்பாய்', 'சந்தையில் குடிகாரன்' என்றுதான் அழைத்திருந்தார்கள். இது 'பாலத்தடி வீடு' என்ற தினசரி சீரியல். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை எட்டே கால் மணிக்கு, மொத்தம் நூற்றிருபது எபிசோடு. அதில் அவர் யோம் தொக்பே, செருப்புத் தைக்கிற கடைக்காரர், கதாநாயகியின் அப்பா. ஒரு மாதத்தில் சந்தையில் அவரை யாரும் தாக் சுன்ஷிக் என்று கூப்பிடவில்லை. "யோம் அண்ணே" என்று கூப்பிட்டு முளைப்பயறில் ஒரு பிடி அதிகம் போட்டார்கள்.

முதல் நாள் ஷூட்டிங்குக்கு முன்னால், வழக்கம்போலப் பன்றித்தலை வைத்துப் பூசை நடந்தது. தயாரிப்பாளர் விழுந்து கும்பிட்டார், டைரக்டர் விழுந்து கும்பிட்டார், எல்லோரும் நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். சுன்ஷிக் தன் முன்னோர்களைக் கும்பிட்டதைவிட அதிகமாகப் பன்றித்தலைகளைக் கும்பிட்டவர். ஆனாலும் அன்றைக்குத்தான் அவர் முதன்முறையாக அந்தப் பன்றியிடம் ஒன்றைக் கேட்டார். தினசரி சீரியல் எதுவாக இருந்தாலும் கடைசி எபிசோடின் கடைசிக் காட்சி ஒன்றுதான்: எல்லோரும் நல்ல உடுப்புப் போட்டு, வரிசையாக நின்று குடும்பப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் போட்டோவோடு கதை நின்றுவிடும். முப்பத்தொரு வருடத்தில் அந்த வரிசையில் சுன்ஷிக் ஒருமுறைகூட நின்றதில்லை. பின்னால் சுவரில் இருந்திருக்கிறார்.

ஐம்பத்தெட்டாவது எபிசோடில் யோம் தொக்பேக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அன்றிலிருந்து மருத்துவமனைக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தார். கிடப்பது சுன்ஷிக்குக்குப் புதிதல்ல. ஆனால் எழுந்திருப்பாரா, சாவாரா என்று யாருக்கும் தெரியாது. எழுத்தாளர் யூக் அம்மாள் அன்றன்றைக்கு வேண்டிய பக்கங்களை அன்றன்றைக்குத்தான் எழுதி பேக்ஸில் அனுப்புவார். காலையில் பக்கம் வரும், மத்தியானம் எடுப்பார்கள், மாலையில் நாடே பார்க்கும். சில நாள் காட்சியின் முடிவு முதலில் வந்துவிடும், தொடக்கம் ஒரு மணி நேரம் கழித்து வரும்.

திங்கட்கிழமை காலை, செட் சாமான்களுக்குப் பொறுப்பான கூ தலையைச் சொறிந்துகொண்டே மேக்கப் அறைக்குள் வந்தார்.

"அண்ணே, ஒரு போட்டோ வேணுமே."

சுன்ஷிக் கண்ணாடியிலேயே அவரைப் பார்த்தார். "எந்த மாதிரி?"

"சும்மாதான். நேரா பாத்த மாதிரி. கோட்டு போட்டிருந்தா நல்லது. ரொம்பச் சிரிக்க வேணாம்."

"எவ்ளோ பெருசாக்குவே?"

கூ கையால் ஒரு சட்டம் காட்டினார். மேல் மூலையில் நாடா வருகிற இடத்தையும் விரல் தானாகவே காட்டிவிட்டது.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. பக்கம் இன்னும் வரல. ஆனா எழுத்தாளரம்மா போன் பண்ணி, நூத்திருபது பேருக்குச் சாவு வீட்டுச் சூப்புக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டாங்க."

ஒரு நடிகரிடம் யாரும் வந்து உன் பாத்திரம் சாகப்போகிறது என்று சொல்வதில்லை. போட்டோ கேட்பார்கள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஜொங்னிம் ஒரு பெண்ணின் தலைமுடியைக் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுன்ஷிக் வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போட்டோ கேட்டாங்களா?" என்றாள், திரும்பாமலே.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"செருப்பக் கழட்டுற சத்தத்துலயே தெரியும். பதினெட்டாவதா? நல்லதாப் போச்சு, புதுசா நகச்சாயம் ஆரம்பிச்சிருக்கேன், விலை எழுத அட்டை இல்ல."

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஜொங்னிம் சீப்பைக் கீழே வைத்தாள்.

"என்னங்க?"

"இந்தத் தடவையாச்சும் கடைசி போட்டோவுல நின்னுடலாம்னு பாத்தேன். ஓரத்துலன்னாலும் பரவால்ல. சுவத்துல தொங்கித் தொங்கி அலுத்துப்போச்சு ஜொங்னிம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், டிரையர் கூண்டுக்குள் தலையை விட்டிருந்த மீன்கடை ஷிம், தன் குரல் தனக்கே கேட்காத தைரியத்தில் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "என்ன, யோம் அண்ணன் சாகப்போறாரா?"

"மெதுவாப் பேசுடி, ரகசியம்."

"சீரியல்ல சாவுன்னா வெள்ளிக்கிழமைதானே?"

கடைக்கு வெளியே முள்ளங்கி வண்டிக்காரர் நின்றுவிட்டார். அரை மணி நேரத்தில் ரகசியம் மாங்வொன் சந்தையின் இரண்டு முனைகளையும் தொட்டுத் திரும்பி வந்தது. முளைப்பயறுக்காரி அன்றைக்கு இரண்டு பிடி அதிகம் போட்டாள், காசு வாங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஷூட்டிங் கூடத்தில் பாதி மருத்துவமனையாக இருந்தது. மறுபாதியில், மறுநாள் காட்சிக்காகச் சாவு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் செவ்வந்தி வந்து இறங்கியது. கூ ஒரு நாள் முன்னாலேயே பெரிய அண்டாவில், துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பரிமாறுகிற சூப்பை ஏற்றிவிட்டார், அப்போதுதான் மறுநாள் கேமராவுக்குச் சிவப்பு நன்றாக ஏறும் என்று. டைரக்டர் பாங் வயிற்றுப்புண்ணுக்கு முட்டைக்கோஸ் சாறு குடித்துக்கொண்டே பேக்ஸ் பக்கத்தைப் படித்தார். அதில் இரண்டே வரி: மகள் அழுகிறாள். அப்பா கிடக்கிறார்.

"அண்ணே, நீங்க வழக்கம்போல."

"வழக்கம்போல" என்று சுன்ஷிக் படுத்தார்.

மகளாக நடித்த சோல் ஹாரிம் கட்டிலோரம் மண்டியிட்டாள். "சைலன்ஸ்" என்றார்கள். சுத்தியல் நின்றது, ரம்பம் நின்றது. வாசனை நிற்கவில்லை. அதற்கு யாரும் உத்தரவு போட முடியாது. சுன்ஷிக் சொங்யாங்னியில் கிளம்பி, யாங்பியோங் தாண்டி, யோங்முன் தாண்டி, வொன்ஜுவை நெருங்கும்போது, மாட்டிறைச்சியும் பூண்டும் மிளகாயும் கொதிக்கிற மணம் நேராக மூக்குக்குள் வந்தது. காலையில் சாப்பிடவில்லை. இது என் சாவுச் சூப்பு என்று நினைத்தார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. செத்துப்போகிற பாத்திரத்துக்குச் சாவு வீட்டுக் காட்சியன்று வேலை கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினேழு சாவு வீடுகள் தனக்காக நடந்திருக்கின்றன, ஒன்றில்கூடத் தனக்கு ஒரு கிண்ணம் சூப்பு கிடைத்ததில்லை.

அந்த நேரத்தில் அவருடைய வலது சுட்டுவிரல் போர்வையிலிருந்து எழும்பி, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ரயில் நடுவழியில் நின்றுபோயிற்று. முப்பத்தொரு வருடத்தில் ஒரு பிணம்கூட அவரிடம் அசைந்ததில்லை. "கட்" என்று கத்துவார்கள் என்று காத்துக் கிடந்தார். யாரும் கத்தவில்லை. பாங்கின் கண் ஹாரிமின் கண்ணீரில் இருந்தது, அது அன்றைக்கு அருவியாகக் கொட்டியது.

"ஓகே. அடுத்த சீன்."

சுன்ஷிக் எழுந்து உட்கார்ந்தார். "டைரக்டர், ஒரு விஷயம்…"

"அண்ணே, அப்புறம்" என்று பாங் ஓடினார்.

அப்புறம் என்று ஒரு நேரம் வந்தது. வாசலில் பாங் மறுபடி எதிர்ப்பட்டார், கையில் சாறு டம்ளரோடு, சும்மாத்தான் நின்றார். சுன்ஷிக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். விரலை அவர் ஆட்டினாரா, அது தானாக ஆடியதா என்பது பெரிய கேள்வி, அதற்கு எளிதில் பதில் கிடைக்காது. ஆனால் வாயைத் திறக்காமல் பஸ் ஏறியது அவர்தான். அதில் சந்தேகமே இல்லை.

மாலை ஏழு மணிக்கு எடிட்டர் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தார். இரண்டாவது கேமராவில் விரல் எழும்பிப் படுத்தது. இன்னொரு ஊராக இருந்தால் தவறு என்று நினைத்து வெட்டியிருப்பார்கள். எடிட்டர் வேறு மாதிரி நினைத்தார்: புதுப் பக்கம் வந்திருக்கிறது, வழக்கம்போல எனக்கு மட்டும் தரவில்லை. நினைவில்லாமல் கிடக்கிறவரின் விரல் ஆடினால் என்ன அர்த்தம் என்று அந்த நாட்டில் சீரியல் பார்க்கிற எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே அவர் தன் கடமையைச் செய்தார். விரலைத் திரை நிறையப் பெரிதாக்கினார். எபிசோடின் கடைசிக்குக் கொண்டுபோனார். அங்கே படத்தை உறைய வைத்து, முரசு அடிக்கிற இசையைப் போட்டார்.

எட்டே கால் மணிக்கு ஜொங்னிம் கடையில் ஆறு பெண்கள் இருந்தார்கள், நான்கு பேர் தலையில் குச்சிகளோடு. சுன்ஷிக் மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். மகள் அழுதாள், கடையும் அழுதது. பிறகு விரல் வந்தது. திரை அளவுக்கு வந்தது.

"ஆடுச்சு" என்றாள் ஷிம்.

அடுத்த கணம் கடை கடையாக இல்லை. ஒருத்தி எழுந்த வேகத்தில் டிரையர் கூண்டில் தலை முட்டிக்கொண்டது. குச்சிகள் தரையில் உருண்டன. முள்ளங்கிக்காரர் உள்ளே ஓடி வந்து சுன்ஷிக்கின் வலது கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஷிம் மீன் வாடையோடு எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். சந்தைக்குள் யாரோ தகரத்தைத் தட்டினார்கள். தலையில் சாய மருந்து போட்ட பெண்ணை எல்லோரும் மறந்துவிட்டதில், அவளுடைய முடி கேட்ட பழுப்புக்குப் பதில் வாடிய ஆரஞ்சாக வந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.

ஜொங்னிம் மட்டும் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது எழுதிக் கொடுத்தது இல்ல."

"ஏன் அப்படிச் சொல்றே?"

"ரிமோட் தேடும்போது அந்த விரல் அப்படித்தான் போகும். இருபத்தாறு வருஷமாப் பாக்கறேன்."

சுன்ஷிக் மடித்த துண்டையே மறுபடி மடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, ஷூட்டிங் கூடத்துக்கு வந்தே இராத எழுத்தாளர் யூக் அம்மாள் வந்துவிட்டார். அறுபத்து நாலு வயது, வீட்டுச் செருப்பு, மூக்குக் கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடி. சுன்ஷிக்கை மருத்துவமனைக் கட்டிலிலேயே உட்காரவைத்தார்.

"தாக் சார், நீங்கதானே ஆட்டினீங்க?"

"விரல் ஆடுச்சுங்கம்மா."

"விரல் ஆடுச்சா, நீங்க ஆட்டினீங்களா?"

"அதத்தான் நேத்துலேருந்து யோசிக்கிறேன். ஆடும்போது நான் உள்ளதான் இருந்தேன். ஆனா யாரும் எங்கிட்ட கேக்கல."

"முப்பத்தாறு வருஷமா எழுதறேன். நான் எழுதாம என் கதையில ஒரு ஈ பறந்ததில்ல. உங்க விரல் பறக்குது."

"தப்புதாங்கம்மா. ஆடினது தப்பான்னு தெரியல, சொல்லாமப் போனது தப்பு. டைரக்டர் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாரு. எனக்குக் கடைசி போட்டோவுல நிக்கணும்னு ஒரு ஆசை. அதான் வாய் வரல."

யூக் அம்மாள் இரண்டாவது கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "இன்னிக்கே கண்ணத் தொறக்க வெச்சு, இன்னிக்கே சாகடிக்கிறேன் பாருங்க."

டைரக்டர் பாங் சாறு டம்ளரோடு நடுவே வந்தார். "அம்மா, போன் எடுக்கிற பொண்ணு அழுதுட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. இன்டர்நெட் நேயர் பலகையில ஒன்பதாயிரம் பேர் எழுதியிருக்காங்க. அதுல மூணே பேர்தான் உங்களத் திட்டியிருக்காங்க."

"அந்த மூணு பேர் யாரு?"

"அத விடுங்கம்மா. மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ஒரு வசனம் இல்லாம, ஒரே ஒரு விரல்ல மொத்தக் கதையையும் சொல்லிட்டாங்க, இதான் எழுத்துன்னு எழுதியிருக்காங்க."

யூக் அம்மாள் இரண்டாவது கண்ணாடியைத் திரும்ப மேலே ஏற்றினார். "எத்தனை பேர் அப்படி எழுதியிருக்காங்க?"

மத்தியானத்துக்குள், அந்த விரலை முதல் எபிசோடிலேயே தீர்மானித்துவிட்டதாக அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனால் கூ கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எல்லாம் சரிம்மா. நூத்திருபது பேர் கறுப்பு உடுப்புல பஸ்ஸுலேருந்து இறங்கிட்டாங்க. பூ வந்தாச்சு. சூப்பு கொதிக்குது. இனிமே யாராவது செத்தே ஆகணும்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது, கதையில் பேராசை பிடித்த வீட்டுச் சொந்தக்காரராக நடிக்கிற மா கில்ஹோ, காகித டம்ளரில் காப்பியோடு சீட்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

"மா சார்" என்றார் கூ, தலையைச் சொறிந்துகொண்டே. "உங்ககிட்ட நேரா பாத்த மாதிரி ஒரு போட்டோ இருக்கா?"

மா கில்ஹோவின் கோபத்தில் நியாயம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சரித்திர நாடகத்தில் மந்திரி வேஷம் கூப்பிடுகிறார்கள், என்னைச் சீக்கிரம் கொன்றுவிடுங்கள் என்று அவர் கெஞ்சினார். கதைக்கு நீங்கள் தேவை என்று யூக் அம்மாள் மறுத்துவிட்டார். மந்திரி வேஷம் வேறொருவருக்குப் போன பிறகு இப்போது கொல்கிறார்கள். ஒரு மணி நேரம் கத்தினார். கையில் போட்டோ இல்லாததால் டிரைவிங் லைசென்ஸில் இருந்ததைப் பெரிதாக்கினார்கள். அதில் அவர் இடி விழுந்ததைப் பார்த்தவர் மாதிரி கண்ணை விரித்துக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, சுன்ஷிக் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி மா கில்ஹோவுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். பின்னால் மாவின் படம் இருவரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

"உன் விரலுக்கு நான் செத்தேன்டா, சுன்ஷிக்."

"மன்னிச்சுக்கங்க அண்ணே."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். சூப்பு எப்படி இருக்கு?"

சுன்ஷிக் ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார். "நல்லா இருக்குண்ணே."

"உனக்கு வெச்சது, நான் செத்ததுக்கு நீ குடிக்கிற." மா தன் கிண்ணத்தை நீட்டி இரண்டாவது முறை வாங்கிக்கொண்டார். "ஆனா உண்மையிலேயே நல்லாத்தான் வெச்சிருக்கான்."

யோம் தொக்பே அன்று மாலை கண் திறந்தார். யூக் அம்மாள் தோற்றுப்போகிறவர் இல்லை. அன்றைய பக்கத்தில் மூன்று வரி இருந்தது: கண் திறக்கிறார். பேச்சு வராது. இனியும் வராது. "அந்த விரல்தானே முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு வந்துச்சு, அதுவே பேசட்டும்" என்று போனில் சொன்னாராம். அப்படியே ஐம்பது எபிசோடு பேசியது. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. அது தண்டனையாக எழுதப்பட்டது என்பதைச் சுன்ஷிக் கடைசிவரை கவனிக்கவே இல்லை. வசனம் போனதால் அறிவிப்பு மாதிரி இருந்த குரலும் போனது, ஜனங்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. மகள் கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்ட வெள்ளிக்கிழமை எபிசோடின் கடைசியில், அவர் ஒரு முறை தட்டிவிட்டு, விரலை இரண்டாவது முறை தூக்கி, தட்டாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தார். மாங்வொன் சந்தை வார இறுதி இரண்டு நாளும் வியாபாரம் பார்க்கவில்லை. ஷிம் மீன் விற்பதே மாறிவிட்டது.

"யோம் அண்ணே, கானாங்கெளுத்தி வேணுமா?"

ஒரு தட்டு.

"தலை வெட்டிடவா?"

இரண்டு தட்டு.

"பேசாம வாங்குறவர்தான் உருப்படியான ஆளு" என்று மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி பொட்டலம் கட்டுவாள்.

நூற்றிருபதாவது எபிசோடுக்கான நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் ஜொங்னிம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டு கேமராவின் பிளாஷை இருபது முறை அடித்துப் பழக்கினாள். கோட்டு அவளே தேய்த்தாள், முடி அவளே வெட்டினாள். கூடத்தில் முன்வரிசையில், நடு நாற்காலியில், ஹாரிமுக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார்கள். பின்னால் சுவரில் மா கில்ஹோவின் படம். மொத்தம் இருபது பேர்.

"ஒரே டேக்தான்" என்றார் பாங். "ஆறு மணிக்குப் பாட்டு நிகழ்ச்சிக்காரங்க செட்டைப் பிரிக்க வந்துடுவாங்க."

சுன்ஷிக் கண்களை அகல விரித்தார். கண்ணீர் வருகிற அளவுக்கு விரித்தார். உதவி டைரக்டர் "சைலன்ஸ்" என்றார். "ரோலிங்" என்றார். இருபது முறை பழகியதில் அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. அதைக் கேட்டதும், முப்பத்தொரு வருடத்துக் கண்ணிமை தன் வேலையைச் செய்தது. உள்ளே சொங்யாங்னியிலிருந்து ரயில் கிளம்பியது. பிளாஷ் அடித்தது.

"ஓகே" என்றார் பாங்.

"டைரக்டர்" என்றார் சுன்ஷிக். இந்த முறை அவர் காத்திருக்கவில்லை, எழுந்தே நின்றுவிட்டார். "நான் கண்ண மூடிட்டேன்."

பாங் கடிகாரத்தைப் பார்த்தார். மறுமுனையில் ஆட்கள் மருத்துவமனைச் சுவரைக் கழற்றித் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹாரிம் சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு கூ, பிறகு வரிசை முழுக்க, பூத்தொட்டி ஒன்று சாய்கிற அளவுக்கு. பாங்கும் சாறு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சுன்ஷிக் நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தானும் சிரித்தார்.

அந்தப் போட்டோ அன்று மாலை, பெயர்கள் எல்லாம் ஓடி முடிகிறவரை திரையில் நின்றது. கடையில் ஷிம்தான், "மனசு நெறஞ்சு போய் கண்ண மூடிக்கிட்டாரு, மனுசன்" என்று மூக்கை உறிஞ்சினாள். நேயர் பலகையிலும் அப்படித்தான் எழுதினார்கள். எவ்வளவு நுணுக்கமான முடிவு என்று எழுத்தாளரைப் பாராட்டினார்கள். யூக் அம்மாள் மறுக்கவில்லை.

கூ அதைச் சட்டம் போட்டு அனுப்பினார். நாடா இல்லை. ஜொங்னிம் வாங்கியதும் பழக்கத்தில் திருப்பிப் பின்பக்க அட்டையைப் பார்த்தாள். வெள்ளைவெளேரென்று இருந்தது. நகச்சாயத்துக்கு இன்னும் விலை எழுதவில்லை. சிறிது நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தாள். பிறகு பதினேழு விலைப்பட்டியல்களுக்கு நடுவே முகம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினாள்.

ஒரு மாதம் கழித்து மா கில்ஹோ நரைக்குச் சாயம் போட வந்தார். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். சுன்ஷிக் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா சுன்ஷிக், இதுல செத்தவன் நான்தானே?"

சுன்ஷிக் நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாரு, செத்தவன் முழிச்சுக்கிட்டு இருக்கான். நீ தூங்கற."

வேர்க்கடலையைக் கீழே வைத்துவிட்டு, சுன்ஷிக் இன்னொரு தட்டுத் தட்டினார். இரண்டாவது முறை விரலைத் தூக்கி, அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டார்.

"போடா" என்றார் மா. "ஜொங்னிம், கறுப்பு வேணாம்மா. கொஞ்சம் பழுப்பாப் போடு."